அளந்து பார்த்தோமா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

"கரண்டு, காந்தம்னு மூட்டை மூட்டையாப் படிக்கியே மருமவனே, இது ஏன் கத்த மாட்டேங்குதுன்னு சொல்லு பாப்போம்."

சென்ற ஆனி மாதத்தில் ஓர் இரவு, எங்கள் வீட்டுத் திண்ணையில் என் தாய்மாமன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அவர் மடியில் மின்கிதார் இருந்தது. என் தகப்பனார், தாயார், எதிர்வீட்டுப் பெரியவர் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்தக் கேள்வி எனக்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று. நான் படிக்கும் கல்லூரிக்கும், ஏன், படிப்பு என்ற ஒன்றுக்குமே விடுக்கப்பட்டது என்றுதான் இன்றைக்கும் எண்ணுகிறேன். அதற்கு நான் சொன்ன பதிலைப் பற்றியும், அந்தப் பதிலால் வந்த கேட்டைப் பற்றியும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தைப் பற்றியும் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் மனம்விட்டுப் பேசவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் மாமா பகலில் விசைத்தறி ஓட்டுகிறார். இரவில், கோயில் கொடை, திருமண வரவேற்பு என்று அழைப்பு வரும்போதெல்லாம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து தென்மாவட்டங்களில் மெல்லிசை மேடை என்றால் இளையராஜா பாட்டு இல்லாமல் இல்லை. இளையராஜா பாட்டு என்றால் கிதார் இல்லாமல் இல்லை. அவரே இசையமைப்பாளர் ஆகுமுன் கிதார்க் கலைஞராக இருந்தவர்தானே! தறிக்கூலி அடுப்புக்கு, கிதார்க் கூலி பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. மாமா வீட்டுக் கணக்கு இதுதான்.

அவருடைய பழைய கிதாரில் பிக்கப் பழுதாகிவிட்டது. பல வாரம் மிச்சம் பிடித்த பணத்தில் புதிய பிக்கப் இரண்டு வாங்கினார். ஊரில் ரேடியோ, ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் ஒரு முதியவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் கொடுத்து மாற்றினார். மாற்றிய பிறகு வந்தது வினை. முன்பிருந்த ஒலியில் பாதிகூட இல்லை. கீபோர்டும் தபலாவும் எழுந்தால் கிதார் அமுங்கிவிடும். முன்பு இல்லாத ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வேறு. "ஆடித்தபசுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க; இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

நிற்க. பிக்கப் என்றால் என்னவென்று, கிதார் தொட்டறியாத நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாம் முதலாண்டில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் அது, வேறொன்றுமில்லை. ஒரு நிலைக்காந்தம்; அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பி, ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் தடிமனில், ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுத் தந்தி. காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. பாயம் மாறும் வேகத்துக்கேற்பச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு மின்னழுத்தம்தான் ஆம்ப்ளிபயர் வழியாக மேடையை அதிர வைக்கிறது.

மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டது 1831-இல். முதன்முதலில் விற்பனைக்கு வந்த மின்கிதார்களுள் ஒன்றான 'பொரிச்சட்டி' கிதார், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சாம்ப், அடால்ஃப் ரிக்கன்பாக்கர் இருவரின் முயற்சியால் 1932-இல் வெளிவந்தது. பீச்சாம்ப்புக்கு அதன் காப்புரிமை 1937-இல் கிடைத்தது. ஒற்றைச் சுருளில் ஒரு குறை இருந்தது. சுவரில் ஓடும் மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் புலத்தையும் அது வாங்கி, இரைச்சலாகக் கக்கும். 1955-இல் செத் லவர் என்ற பொறியாளர் இதற்கொரு வழி செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றின் காந்தமுனை வடக்கு. மற்றதன் முனை தெற்கு. மின்னோட்டம் இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றி வருமாறு தொடராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலியோ, முனையும் மாறி, சுற்றும் மாறியதால், ஒன்றோடொன்று கூடும். 'ஹம்பக்கர்' என்று இதற்குப் பெயர். மாமா வாங்கியது இந்த வகைதான்.

இந்தத் தொழில்நுட்பம் நம் இசைக்கு அந்நியம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1969-இல் ஆந்திரத்தில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-இல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் கையில் இருந்தது மின்மாண்டலின். வழக்கமான மாண்டலினில் நான்கு இணையாக எட்டுத் தந்தி உண்டு. அவர் ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்துக் கர்நாடக இசையின் கமகத்தை அதில் கொண்டுவந்தார். மீட்டியவுடன் மறைந்துவிடும் மெல்லிய நாதத்தைக் கச்சேரி மேடையின் கடைசி வரிசைவரை கொண்டு சேர்த்தது, காந்தமும் கம்பிச் சுருளும் அல்லவா?

இவ்வளவும் இன்று எனக்குத் தெரிகிறது. அன்று திண்ணையில் எனக்குத் தெரிந்தது ஃபாரடே விதியின் வரிகள் மட்டுமே. தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த விதி என் மாமாவின் மடியில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை! ஆயினும் 'தெரியாது' என்று சொல்ல நா எழவில்லை. "சரக்கு மட்டம் மாமா. இல்லன்னா கடைக்காரர் பழைய சாமானை மாட்டிட்டாரோ என்னமோ" என்று ஒரு தீர்ப்புச் சொன்னேன்.

காலேஜில் படிக்கிற பிள்ளை சொன்னால் பொய்யாகுமா? மறுநாள் காலையில் மாமா கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "நீங்க குடுத்த படத்தப் பாத்துத்தான் தம்பி ஒட்டினேன்" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வார்த்தையை மாமா வந்து சொன்னபோது எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ஏனெனில் அந்தப் படத்தைக் கொடுத்தவன் நான்தான். பிக்கப்போடு வந்த காகிதம் எங்கேயோ தொலைந்துவிட்டது. "இங்கிலீசுல எதாச்சும் கெடைக்குதா பாரு" என்று மாமா கேட்க, நான் கைப்பேசியில் தேடி எடுத்து அண்ணாச்சிக்குக் காட்டிய படம் அது. நான்கு நிறக் கம்பிகள், எது எங்கே சேர வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அது எந்தக் கம்பெனியின் படம் என்று நான் பார்க்கவில்லை. நிறம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் புழுங்கினேன். மூன்றாம் நாள் எங்கள் துறை ஆசிரியர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி, காரணம் என்னவாக இருக்கும் ஐயா என்று கேட்டேன். அவர் காரணம் சொல்லவில்லை. "அளந்து பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒரு சொல் என்னை அண்ணாச்சியின் கடைக்கு அனுப்பியது.

முகத்தில் எந்த மலர்ச்சியும் இல்லாமல்தான் வரவேற்றார். ஆனால் முள் மல்டிமீட்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். சோதனை எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை அன்று எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. எளிதில் கெடுவதை முதலில் பார். பிரிக்க வேண்டியதைக் கடைசியில் பார். இதுதான் அவர் முறை.

முதலில் கேபிளை மாற்றினோம், மாற்றமில்லை. வேறு ஆம்ப்ளிபயரில் சொருகினோம்; மாற்றமில்லை. பிக்கப் தந்திக்கு வெகுதூரம் இறங்கிக் கிடந்தாலும் ஒலி குறையும், காந்தப்புலம் தூரத்தில் விரைந்து தேய்வதால். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான் இருந்தது, அது சரி. வெண்கலம் சுற்றிய தந்தி போட்டிருந்தாலும் ஒலி குறையும். போட்டிருந்ததோ எஃகும் நிக்கலும். வால்யூம் கன்ட்ரோல் 25 கிலோ ஓமாக இருந்தால், பேட்டரி இல்லாத பிக்கப்பின் ஒலியை அது விழுங்கிவிடும். இதில் 500 கிலோ ஓம், சரியான அளவு. பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பின் தலையை மெல்லத் தட்டினார். ஒரு வரிசையைத் தட்டினால் 'டப் டப்' என்று கேட்டது. அடுத்த வரிசையைத் தட்டினால் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"இப்ப மீட்டரை வை" என்றார். வால்யூமை முழுக்கத் திறந்து, ஜாக்கின் இரு முனைகளில் வைத்தேன். முள் 4 கிலோ ஓமில் நின்றது. பிக்கப் வந்த பெட்டியில் அச்சிட்டிருந்தது 8.

நண்பர்களே, அந்த 4 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு உண்டான மெய்சிலிர்ப்பை எப்படிச் சொல்வேன்! 3 ஆகவோ 6 ஆகவோ இருந்திருந்தால் வேறு கதை. சரிபாதி என்பது தற்செயலாக வராது. இரண்டு சுருளில் ஒன்றுதான் வேலை செய்கிறது! ஒலி குறைந்ததற்கும் அதுதான் காரணம். இரைச்சல் வந்ததற்கும் அதுதான் காரணம்: அழிப்பதற்கு இணைச் சுருள் இல்லையே!

கம்பிகளைப் பிரித்து ஒவ்வொரு நிற ஜோடியாக அளந்தோம். சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் 4. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் 4. மற்ற ஜோடிகளில் முள் அசையவில்லை. ஆக, சிவப்பு-பச்சை ஒரு சுருள்; கறுப்பு-வெள்ளை மற்றொரு சுருள். நான் கொடுத்த படமோ, சிவப்பை ஜாக்குக்கும் பச்சையைத் தரைக்கும் கொடுத்து, கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி ஒட்டச் சொல்லியிருந்தது. அந்தப் படத்தைப் போட்ட கம்பெனியின் பிக்கப்புக்கு அது சரி. மாமா வாங்கியது வேறு கம்பெனி. அவர்களுடைய நிற ஒழுங்கு வேறு. இதில் கறுப்பையும் வெள்ளையையும் முறுக்கியதால், ஒரு சுருள் தன் தலையும் வாலும் ஒட்டித் தனக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அண்ணாச்சி ஒட்டியதில் ஓர் எள்ளளவும் பிழையில்லை. பிழை நான் நீட்டிய காகிதத்தில்.

சரி, எப்படிச் சேர்ப்பது? சிவப்போடு கறுப்பைச் சேர்ப்பதா, வெள்ளையைச் சேர்ப்பதா? தவறாகச் சேர்த்தால் கதை இன்னும் மோசம்: ஒலி ஒன்றையொன்று அழிக்கும், இரைச்சல் கூடும். மீட்டரை மிகச் சிறிய அளவில் வைத்து, சிவப்பு-பச்சைச் சுருளில் இணைத்தார் அண்ணாச்சி. ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் மேல் வைத்து வெடுக்கென்று எடுத்தார். முள் வலப்பக்கம் துள்ளியது. மீட்டரின் நேர்முனை அப்போது சிவப்பில் இருந்தது. அடுத்த சுருளில், நேர்முனையைக் கறுப்பில் வைத்தபோது அதே வலப்பக்கத் துள்ளல் வந்தது. இரண்டின் துள்ளலும் கூட வேண்டுமானால், ஒன்றின் தலையோடு மற்றதன் வால் சேர வேண்டும். ஆகவே சிவப்பும் வெள்ளையும் சேர வேண்டும்; கறுப்பு ஜாக்குக்கு; பச்சை தரைக்கு. அப்படியே இரண்டு பிக்கப்பிலும் ஒட்டினோம். ஜாக்கில் மீட்டரை வைத்தால், கிட்டத்தட்ட 8. அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் ஊரில் பிறந்து வளர்ந்தும், இரண்டு சுருளை ஒன்றாகச் சேர்க்க எனக்கு இத்தனை பாடு!

1831-இல் ஃபாரடே, இரும்பு வளையத்தில் சுற்றிய ஒரு சுருளில் மின்னோட்டத்தை இணைத்தபோதும் துண்டித்தபோதும், மற்றொரு சுருளோடு இணைந்த காந்த ஊசி ஒரு கணம் துள்ளியதைக் கண்டார். சங்கரன்கோவிலில் ஒரு சிறிய கடையில், ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கியபோது நான் கண்டதும் அதே துள்ளல்தான். இரண்டாண்டாகப் படித்த படிப்பு அன்றுதான் என் கைக்கு வந்தது.

அன்று மாலையே மாமாவை அழைத்துக்கொண்டு போய், அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாமாவும் கேட்டார். "அளக்காமப் பேசினா இப்படித்தான் தம்பி" என்றார் அவர். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆடித்தபசுச் சமயத்தில் நடந்த கச்சேரியில் கிதார் நன்றாகக் கேட்டது. ஆனால் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை, நாங்கள் தனியாக நின்று கேட்ட மன்னிப்பு முழுவதும் துடைத்ததா என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. அதனால்தான் நாலு பேர் படிக்கும் இந்த மலரில் எழுதுகிறேன்.

இனி, நான் சொல்ல விரும்பும் கருத்துக்கு வருகிறேன்.

நம்முடைய செய்முறை வகுப்புகளில் நாம் என்ன செய்கிறோம்? மற்றவர்களைச் சொல்லவில்லை, என்னைச் சொல்கிறேன். புத்தகத்தில் இருக்கும் விடை முன்கூட்டியே தெரியும். நான் அளந்தது அதோடு ஒத்துவராவிட்டால், ஏன் ஒத்துவரவில்லை என்று தேடியதில்லை; அளவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் கோடு நேராக வந்துவிடும். 8 இருக்க வேண்டிய இடத்தில் 4 வந்தால், அந்த 4 தான் உண்மையைச் சொல்ல வந்த தூதன். நாமோ அந்தத் தூதனை அடித்து விரட்டிவிட்டு, 8 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறோம். அண்ணாச்சி அப்படிச் செய்திருந்தால் அவர் கடை என்றைக்கோ மூடியிருக்கும்.

"நாம் படிப்பது பட்டப்படிப்பு, பழுதுபார்ப்பது தொழிற்பயிற்சி நிலையத்தின் வேலை" என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். பாடத்திட்டம் பெரிது, நேரம் சிறிது என்பதும் உண்மையே. ஆனால் பழுது காண்பது கைத்தொழில் மட்டுமா? நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்து என்று வள்ளுவர் சொன்னது மருத்துவருக்கு மட்டும் உரியதா? ஃபாரடே யார்? கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், பல்கலைக்கழகம் படிக்காதவர். கையையும் அறிவையும் அவர் பிரித்து வைக்கவில்லை. நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் இரண்டு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன். ஒன்று: பருவத்துக்கு ஒரு முறையேனும், வேண்டுமென்றே ஒரு பழுதை ஒளித்து வைத்த மின்சுற்றை எங்களிடம் கொடுங்கள். விடை புத்தகத்தில் இருக்கக் கூடாது. என்ன அளந்தோம், எதை விலக்கினோம், ஏன் விலக்கினோம் என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள். மற்றொன்று: மாதத்தில் ஒரு பிற்பகல், அண்ணாச்சி போன்ற ஒருவரை நம் ஆய்வகத்துக்கு அழையுங்கள். எங்கள் வீடுகளில் கெட்டுக் கிடக்கும் மின்விசிறியும் ஒலிபெருக்கியும் அவர் முன்னிலையில் எங்கள் கையால் திறக்கப்படட்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு மீட்டரும் ஒரு சால்ட்ரிங் அயனும் போதும்.

என்னைப்போல் குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். நம் வீட்டில் நாம் சொல்வதற்கு, நாம் தகுதி பெறுமுன்னரே மதிப்பு வந்துவிடுகிறது. மருந்துச் சீட்டைப் படிக்கச் சொல்கிறார்கள். வங்கிக் காகிதத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். கெட்டுப்போன கிதாரைக் காட்டிக் காரணம் கேட்கிறார்கள். நம் வாயிலிருந்து வருவதை அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை. நம்பி, எழுந்து போய், அதன்படி நடந்துவிடுகிறார்கள். ஆகையால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நமக்கு மற்றவர்களைவிட அதிகக் கடமை. "தெரியல மாமா, அளந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அன்றிரவு சொல்லியிருந்தால், ஒரு முதியவர் நாலு பேர் முன்னால் தலைகுனிந்திருக்க மாட்டார்.

மாமா இப்போதும் கேள்வி கேட்கிறார். தறியின் மோட்டார் ஏன் சூடாகிறது என்பது சென்ற வாரக் கேள்வி. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் மீட்டரைக் கேட்டிருக்கிறேன்.